மேலறையில் தங்கிய ஊழியக்காரர்

அக்டோபர் 9, வியாழன்

இந்த மாதச் சகோதரிகள் கூட்டத்தில் நான்தான் பேச வேண்டுமாம். தலைப்பையும் என் வீட்டுக்காரரே கொடுத்துவிட்டார். பெண் ஆணின் உடையை உடுத்தக் கூடாது, ஆண் பெண்ணின் உடையை உடுத்தக் கூடாது என்று மோசே இஸ்ரவேலருக்குக் கொடுத்த சட்டம். கல்லூரிக்குப் போகிற ரீபாள் போன ஞாயிறு ஜீன்ஸ் பேண்ட்டோடு ஆராதனைக்கு வந்து கடைசியில் உட்கார்ந்தாள். பேண்ட் போட்டது அவள், பாடம் படிக்க வேண்டியது நான்.

"அருவருப்புன்னு எழுதியிருக்கு. அந்த வார்த்தைய நல்லா அழுத்திச் சொல்லணும், பெர்சி," என்றார். கொம்பன்விளையில் அவரைப் பாஸ்டர் எலியேசர் என்றால்தான் தெரியும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"சரிங்க," என்றேன்.

பாடக் குறிப்புக்காக இந்த டைரியை எடுத்தேன். பெண்கள் கூட்டக் குறிப்பை அவர் ஒருநாளும் திறந்து பார்க்கிறவர் இல்லை. மழை வருகிற மாதிரி இருந்தது. வற்றலை எடுத்து உள்ளே வைத்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

அவர் சபையார் வீடுகளைச் சந்தித்து ஜெபிக்கப் போயிருந்த நேரம். கொல்லைப்புறத்தில் யாரோ தகரக் கதவைச் சுரண்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் தபீத்தாள். நம் சபை ஆசீரின் மனைவி. வெள்ளைச் சேலை முழுக்கச் சேறு, ஒரு கண் வீங்கி மூடியே போயிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

"அக்கா, பாஸ்டர்ட்ட சொல்லாதிய. ரெண்டு மட்டம் அவியதான் என்னைக் கூட்டிட்டுப் போய் வீட்டுல விட்டாவ. இந்த மட்டம் போனா நான் செத்தேன்."

ஆசீர் ஜேசிபி வைத்து மண் அள்ளுகிறவன். ஆராதனையில் கஞ்சிரா தட்டுவான், கண்ணீர் விட்டு ஜெபிப்பான். நேற்று வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி தோண்டியிருக்கிறான். கழிவுத்தொட்டிக்கு என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறான். இவளிடம், "ஒன் அளவு பாத்துக்க," என்று சொல்லியிருக்கிறான்.

"போலீசுக்குப் போவமாளா?"

"போனேன்க்கா, சித்திரையில. குடும்ப விசயம்னு அவியளயே வரச்சொல்லி அனுப்பி வச்சாவ."

இத்தனை அடி வாங்கியும் அவனை அவிய என்றுதான் சொல்கிறாள். வீட்டை ஒட்டிய ஜெபக்கூடத்துக்கு மேலே வெளியூர் ஊழியக்காரர்கள் வந்தால் தங்குகிற மேலறை இருக்கிறது. முட்டி வலியால் அவர் அந்தப் படி ஏறுவதில்லை. அங்கே கொண்டுபோய் வைத்துப் பூட்டினேன்.

நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று இப்போதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

மேலறை மின்விசிறி கிரீச் கிரீச் என்று கத்துகிறது. போடாதே என்று சொல்லிவிட்டேன். வேர்வையில் கிடக்கிறாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

கீழே ஆராதனை, மேலே அவள். ஆசீர் முன்வரிசையில் உட்கார்ந்து கஞ்சிரா தட்டினான். ஒவ்வொரு தட்டும் மேலே அவளுக்குக் கேட்கும் என்று நினைக்க நினைக்க எனக்குப் பாட்டே வரவில்லை. வாயை மட்டும் அசைத்தேன்.

பிரசங்கத்தில் அவர் மோசேயின் அதே அதிகாரத்தை எடுத்தார். அது வழிதப்பிப் போன மாட்டில் ஆரம்பிக்கிறது. உன் சகோதரனுடைய மாடு ஓடிப்போனதைக் கண்டால் காணாதவன் மாதிரி இராதே, உடையவனிடம் கொண்டுபோய் விடு என்கிறது. "மாட்டுக்கே இப்படின்னா, மனைவிக்கு?" என்றார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. ஆசீர் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"யாருக்காவது அந்தச் சகோதரி இருக்கிற இடம் தெரிஞ்சா, கர்த்தருக்குப் பயந்து சொல்லிருங்க," என்றார். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. நான் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

வெளியே வரும்போது மாவு மில் வைத்திருக்கிற லீதியாள் என் பக்கத்தில் வந்து, "அந்தப் புள்ள மாடுன்னு எனக்கு இன்னைக்கித்தான் தெரியும்," என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். புருஷன் இறந்த பிறகு அவளுக்கு வாய் ஜாஸ்தி. எதையாவது கண்டுபிடித்துவிட்டாளோ?

அக்டோபர் 13, திங்கள்

பாடம் படிக்கிறேன் என்ற சாக்கில் அவருடைய அலமாரியிலிருந்து தடித்த விளக்கவுரையை எடுத்து வைத்துக்கொண்டேன். சாக்குக்காக எடுத்தது, பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை.

அந்தக் காலத்து இஸ்ரவேலில் ஆணுக்கும் நீள அங்கி, பெண்ணுக்கும் நீள அங்கி. முக்காட்டிலும் கரையிலும் நிறத்திலும்தான் வித்தியாசம். சுற்றியிருந்த ஜனங்கள் தங்கள் தெய்வங்களுக்குத் திருவிழா எடுக்கும்போது ஆணும் பெண்ணும் உடையை மாற்றிக்கொண்டார்கள், அதைச் செய்யாதே என்பதற்கே இந்தச் சட்டம் என்று சிலர். பெண் ஆயுதம் தூக்கிப் போருக்குப் போகக் கூடாது என்பதே பொருள் என்று சிலர். பழைய யூதப் போதகர்கள் சிலர் இன்னொன்று சொல்லியிருக்கிறார்கள். ஆண் பெண் வேஷம் போட்டுப் பெண்கள் நடுவிலும், பெண் ஆண் வேஷம் போட்டு ஆண்கள் நடுவிலும் புகுந்து பொல்லாப்புச் செய்வதைத்தான் மோசே அருவருப்பு என்றாராம்.

ரீபாளின் ஜீன்ஸைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லக் காணோம்.

அதே அதிகாரத்தில் இன்னும் என்னென்னவோ இருக்கிறது. ஆட்டுமயிரும் சணலும் கலந்து நெய்த துணியை உடுத்தாதே என்கிறது. அவருடைய வெள்ளைப் பேண்ட் நாலும் டெரிகாட்டன். பஞ்சும் பாலியஸ்டரும் கலக்கலாமா என்று கேட்டால் என்ன சொல்வாரோ. நான் கேட்கப் போவதில்லை. மாடி கட்டினால் சுற்றுச்சுவர் வை, யாராவது விழுந்து செத்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் என்றும் இருக்கிறது. தபீத்தாளை நான் திருப்பி அனுப்பி, அந்தக் குழி நிரம்பினால் பழி யார் வீட்டின்மேல்?

அக்டோபர் 14, செவ்வாய்

ஆசீர் சாயங்காலம் வந்தான். அவரோடு ஜெபக்கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தான். அப்போது மேலே ஏதோ உருண்டு விழுந்தது. தம்ளராக இருக்கும்.

இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள்.

"எலி," என்றேன். "கன்வென்சன் கூட்டத்துப் பாய்க்குள்ள குட்டி போட்டிருக்கு. பொறி வைக்கணும்."

"நான் ஏறிப் பாக்கட்டுமாக்கா?" என்று எழுந்தான் ஆசீர்.

"வேண்டாம் தம்பி, மருந்து வச்சிருக்கேன். செத்து நாறிக் கிடக்கும்."

உட்கார்ந்துவிட்டான். நான் காப்பித் தட்டைத் தரையில் வைத்துவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சோறு கொண்டுபோனபோது தபீத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, பாஸ்டர் ஒங்கள அடிப்பாவளா?"

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். என்ன கேள்வி இது? ஊழியத்தின் பாரம் அவருக்குத்தான் தெரியும். கோபம் வந்தால் கொஞ்சம் முன்பின்னாக இருப்பார், பிறகு அவரே வருத்தப்படுவார். ஆசீரோடு அவரைச் சேர்க்கலாமா?

உளுந்து ஊறப் போட மறந்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

பாடத்துக்காக அடுத்த அதிகாரத்தையும் வாசித்தேன். பக்கத்தைத் திருப்பியதும் இருக்கிறது. எஜமானிடமிருந்து தப்பி உன்னிடத்தில் வந்த அடிமையை அவன் கையில் ஒப்புக்கொடாதே. உன் ஊர்களில் எது அவனுக்குப் பிரியமோ அங்கே இருக்கட்டும், அவனை ஒடுக்காதே.

எத்தனை வருஷமாக வேதம் வாசிக்கிறேன். இந்த வசனத்தை ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை. மாடு என்றால் உடையவனிடம் விடு, மனுஷ ஜென்மம் தப்பி வந்தால் விடாதே. இரண்டையும் ஒரே மோசேதான் சொல்லியிருக்கிறார்.

சந்தோஷம் வரும் என்று பார்த்தால் பயம்தான் கூடிற்று. இனிமேல் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

அக்டோபர் 16, வியாழன்

தபீத்தாளின் பெரியம்மா மகள் வேறொரு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். ஃபோனில் பேசினேன், விடுதியில் இடம் வைத்திருக்கிறாளாம், வேலையும் பார்த்துத் தருவாளாம். ஊர் பேரை இங்கே எழுத மாட்டேன்.

ஆனால் எப்படிப் போவது? பஸ் நிறுத்தத்தில் ஆசீரின் ஆட்கள் மாறி மாறி நிற்கிறார்கள். சேலை கட்டின எவளையும் முகத்துக்கு நேரே பார்க்கிறார்கள். நாளைக்கு அவர் நாகர்கோவில் உபவாசக் கூட்டத்துக்குப் போகிறார். அதை விட்டால் வேறு நாள் இல்லை.

ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. அதை எழுதவே கை கூசுகிறது. அந்தச் சட்டத்தைப் போதிக்கப் போகிறவளே நான்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

காலை டிபனை முடித்துக்கொண்டு அவர் கிளம்பினார். கேட்டைப் பூட்டிவிட்டு, துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையும் பேண்ட்டும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

தபீத்தாளுக்கு முடி முழங்கால் வரை. எங்கள் சபையில் பெண்கள் தலைமுடியில் கத்தரி படவே விடமாட்டோம். நான் வெட்டாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அவளே கத்தரியை வாங்கிப் பிடரியோடு வெட்டினாள். சடை தரையில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. முருங்கை மரத்து மூட்டில் குழி பறித்துப் புதைத்தேன்.

அவளும் நானும் பிறந்ததிலிருந்து பேண்ட் போட்டதில்லை. பட்டனை எந்தப் பக்கத்திலிருந்து போடுவது என்று இரண்டு பேரும் முழித்தோம். இடுப்பில் நிற்கவில்லை, அவர் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். தூறல் இருந்தது நல்லதாயிற்று. மங்கி குல்லா, மாஸ்க், அவருடைய பழைய கண்ணாடி. எங்கள் சபையில் பிறந்த பெண்ணுக்குக் காது குத்துவதில்லை. அவள் காதில் ஓட்டை இல்லை, கையில் வளையல் தழும்பு இல்லை. இதற்காக இன்றைக்குத்தான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இது அருவருப்புல்லா? நான் செத்தாலும் பரவால்லக்கா. கர்த்தர் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"பொல்லாப்பு செய்ய வேசம் போடுதவங்களுக்குச் சொன்னதுளா அது. நீ உசிரோட போய்ச் சேரப் போடுத. உசிரக் காப்பாத்தணும்னா சட்டத்தத் தள்ளி வைக்கலாம்னு யூதப் போதகமாரே சொல்லியிருக்காவ."

"நெசமாவாக்கா?"

"படிச்சிட்டுத்தான் சொல்லுதேன்."

எனக்கே முழு நிச்சயம் இல்லை. குரலை மட்டும் நிச்சயமாக வைத்துக்கொண்டேன்.

தெருவில் இறங்கி நாலு வீடு தாண்டியதும்தான் நான் செய்த முட்டாள்தனம் உறைத்தது. ஆண்பிள்ளை உடை வேண்டும் என்று மட்டும்தான் யோசித்தேன். அவரிடம் வெள்ளையைத் தவிர வேறு நிறம் கிடையாது, அதனால் வெள்ளையை எடுத்தேன். எங்கள் ஊரில் வெள்ளைச் சட்டை வெள்ளைப் பேண்ட் போட்டு, பாஸ்டர் வீட்டம்மாவோடு நடந்துபோனால் அது யார்? ஊழியக்காரர். ஒருத்தரும் சும்மா விடமாட்டார்கள். தையற்கடை வாசலில் ஒருவர், "ஸ்தோத்திரம் ஐயா," என்று கும்பிட்டார். ஒரு பாட்டி முட்டியைக் காட்டி ஜெபம் கேட்டாள்.

"ஐயாவுக்குத் தொண்ட கட்டியிருக்கு, சத்தம் வராது," என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. திரும்பி வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று நினைத்தேன். பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது.

நிறுத்தத்தில் போய் நின்றோம். பைக் வந்து நின்றது. ஆசீர்.

"ஸ்தோத்திரம்க்கா. ஐயா யாரு?"

"வெளியூர் ஊழியக்காரர். நம்ம மேலறையில தங்கியிருந்தாவ." என் வாய் பேசியது. எனக்குக் காதே கேட்கவில்லை.

அவன் செருப்பைக் கழற்றினான். அந்த ஈரத் தரையில் அவள் முன்னால் முழங்கால் போட்டான். "ஐயா, என் வீட்டுக்காரி ஓடிப்போயிட்டா. அவ என் கைக்குத் திரும்பி வரணும்னு ஜெபிங்கய்யா." தலையைக் குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். எங்கள் ஆட்கள் ஜெபம் என்றால் கண்ணைத் திறக்கவே மாட்டார்கள்.

தபீத்தாள் அசையவில்லை. பஸ் முக்கில் திரும்புகிறது. நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் கையைத் தூக்கி அவன் தலையில் வைத்தாள். அந்தக் கையில் அவன் சூடு போட்ட தழும்பு இருக்கிறது. கண்ணைத் திறந்தால் தீர்ந்தது. அவள் விரல்கள் அவன் தலைமேல் கடகடவென்று நடுங்கின. நான் பக்கத்தில் நின்று சத்தமாக, "அப்பா, உமக்கு எல்லாம் தெரியும், அப்பா, உமக்கு எல்லாம் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

பஸ் நின்றது. கையை எடுத்தாள், ஏறினாள். தீபாவளிக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டை மறைந்துவிட்டது. நான் ஆமென் என்றேன். அவன் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கண்ணை மூடியபடியே அழுதுகொண்டிருந்தான்.



அக்டோபர் 18, சனி

ஃபோன் வந்தது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆசீர் சாட்சி சொல்ல எழுந்தான். பஸ் நிறுத்தத்தில் ஒரு தேவமனிதரைச் சந்தித்தேன், அவர் கை என் தலையில் பட்டதும் அப்படி நடுங்கியது, அவ்வளவு அபிஷேகம், வாயைத் திறக்காமலே ஜெபித்தார் என்றான். "நம்ம மேலறையில தங்கியிருந்தவருதான்," என்றான்.

சபை முழுக்க ஸ்தோத்திரம். மேடையில் என் வீட்டுக்காரர் மட்டும் சொல்லவில்லை. மேலறையில் யாரையும் அவர் தங்க வைக்கவில்லை. அங்கிருந்தே என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். மேலறைப் படியில் ஒவ்வொரு படியாக முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது.

அக்டோபர் 20, திங்கள்

ஊரெல்லாம் வெடிச்சத்தம். அவர் தன் வெள்ளை உடுப்பையெல்லாம் கட்டிலில் எடுத்துப் போட்டு எண்ணினார்.

"ஒரு ஜோடி எங்க, பெர்சி?"

"தபீத்தாள் போட்டுட்டுப் போயிட்டா," என்றேன். வேறு பொய் எதுவும் கைவசம் இல்லை.

"என் உடுப்ப ஒரு பொம்பளைக்கு உடுத்தி, ஊழியக்காரர்னு ஊர ஏமாத்தியிருக்க. அவ எங்க?"

"சொல்ல மாட்டேன்."

"சபைக்குத் தலைவன் நான். புருசன்ட்ட அவள ஒப்படைக்க வேண்டியது என் பொறுப்பு."

"அடுத்த அதிகாரத்த வாசிச்சுப் பாருங்க," என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை.

கதவைச் சாத்தினார்.

அக்டோபர் 22, புதன்

கேட்டார். சொல்லவில்லை. மறுபடியும் கேட்டார். சொல்லவில்லை. இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

அக்டோபர் 25, சனி

இதை லீதியாள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு மாவுக்கட்டோடு போனேன். பெண்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், ரீபாள் சுடிதாரில் வந்திருந்தாள். அவர் பின்னால் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் என்ன பேசுகிறேன் என்று கேட்க வந்திருக்கிறார்.

வேதத்தை ஒரு கையால் திறக்க முடியாமல் நான் தடுமாறுவதைப் பார்த்து ரீபாள் எழுந்து வந்து பிடித்துக்கொண்டாள். "கையில என்னக்கா?" என்று கேட்டாள்.

"படியில வழுக்கி விழுந்துட்டா," என்று பின்னாலிருந்து அவர் சொன்னார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பயத்தில் எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும் போல இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாடத்தை ஆரம்பித்துவிடலாம்.

"இல்ல," என்றேன். "பாஸ்டர் அடிச்சாவ. தபீத்தாள் எங்கன்னு கேட்டு அடிச்சாவ. நான் சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன். இது மொத மட்டம் இல்ல. கல்யாணம் ஆன வருசத்துலருந்து அடிக்காவ."

நாற்காலி கிறீச்சிட்டது, அவர் எழுந்தார். "பெர்சி, வீட்டுக்கு வா," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த மெதுவான குரல் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

லீதியாள் முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். நேரே நடந்துபோய் அவர் பக்கத்துக் கதவை விரியத் திறந்தாள்.

"பாஸ்டர், இது சகோதரிகள் கூட்டம். ஆம்பளையளுக்கு இங்க எடமில்ல. வெளிய போங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு பாயில் இருந்தவர்களைப் பார்த்தார். ஒருத்தியும் தலையைக் குனியவில்லை. போனார். லீதியாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"பாடத்தச் சொல்லுங்கக்கா," என்றாள்.

ரீபாள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள். உடையைப் பற்றிய சட்டத்தை வாசித்தேன், பிறகு பக்கத்தைத் திருப்பச் சொன்னேன்.